ஐந்தாம் மேசைக்குப் பேர் இல்லை

கையைக் காட்டுங்க டீச்சர். இழுக்காதீங்க, நகத்தால் கிள்ளினால் இன்னும் உள்ளேதான் போகும். இந்த வண்டியில் முன் சீட்டுப் பலகையைப் பிடிக்கிற எல்லாருக்கும் இது நடக்கிறதுதான். நான் தினமும் இதில்தான் வர்றேன், எதைப் பிடிக்கணும் எதைப் பிடிக்கக் கூடாதுன்னு எனக்கு அத்துப்படி. கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திருப்புங்க. ம். வந்துடுச்சு. எவ்வளவு நீள மரச் சிலாம்பு பாருங்க. வலிச்சுதா? வலிக்காது. என் கை அப்படி.

நீங்க டீச்சர்னு எப்படித் தெரியும்னு கேட்கிறீங்களா? மடியில் திருத்துற நோட்டு ஒரு கட்டு வெச்சுக்கிட்டு, சிவப்புப் பேனாவைக் காதோரம் செருகிக்கிட்டு, வக்கீலா வரப்போறீங்க?

இதுவா? முள்வாங்கி. எங்க தாய்மாமன் அவரோட உலையில் அடிச்சுக் கொடுத்தது, என் கல்யாணத்துக்கு. மத்தவங்க குத்துவிளக்கு வெச்சாங்க, மிக்ஸி வெச்சாங்க, இவர் ஒரு முள்வாங்கியை மஞ்சள் துணியில் சுத்தி வெச்சார். என் மாமியார் முகத்தை நீங்க பார்த்திருக்கணும். அந்த மிக்ஸி இதுவரைக்கும் மூணு தடவை கடைக்குப் போயிட்டு வந்தாச்சு. இது அப்படியே இருக்கு. எங்க ஊர்ப் பக்கம் எங்கே கால் வெச்சாலும் சீமைக்கருவேல முள். என் பையன் அதியனுக்கு ரெண்டரை வயசு, செருப்பைப் போட்டால் கழட்டுவான், கழட்டினால் ஓடுவான். வாரத்துக்கு நாலு முள்ளாவது எடுக்கணும். ராசியான பொருள் டீச்சர். நீங்க நம்ப மாட்டீங்க. உங்க புடவை ஊக்கு மடியில் கழண்டு கிடக்கு பாருங்க. இருங்க, எடுத்துத் தர்றேன். பார்த்தீங்களா? நான் இடுக்கவே இல்லை. கிட்டக் கொண்டுபோனேன், தானா ஓடிவந்து ஒட்டிக்கிச்சு. என் கை ராசியா, மாமன் அடிச்ச நேரமா, எனக்கே தெரியாது.

நீங்க ஏன் இப்படி முழிக்கிறீங்க? என்ன பாடம் எடுக்கிறீங்க? அறிவியலா. சரி சரி. அப்போ என் கதை உங்களுக்கு நல்லாப் புரியும். கம்பெனி கேட் வர முக்கால் மணி நேரம் இருக்கு, சொல்றேன். உங்க சங்கத்தில் யாராவது பேப்பர்க்காரங்க தெரிஞ்சவங்க இருந்தால் அவங்க காதிலும் போடுங்க. என் பேர் தனக்கோடி. அதை மட்டும் விட்டுடாதீங்க. அதை விட்டதுதான் என் வழக்கே.

நான் வேலை பார்க்கிற கம்பெனியில் தலை செய்யறாங்க. சிரிக்காதீங்க. கம்ப்யூட்டருக்குள்ளே ஹார்ட் டிஸ்க்னு ஒரு பெட்டி இருக்கும், அதுக்குள்ளே ஒரு தட்டு சுத்தும், தோசைக்கல் மாதிரி, ஆனால் முகம் பார்க்கலாம் போல பளபளன்னு. எல்லாக் கணக்கும் வழக்கும் அந்தத் தட்டில்தான் எழுதியிருக்கும். உங்க ரேஷன் கார்டு, என் பத்தாவது மார்க்கு, எல்லாம். அந்தத் தட்டுக்கு மேலே ஒரு துண்டு பறந்துக்கிட்டே எழுதும், பறந்துக்கிட்டே படிக்கும். தட்டைத் தொடக் கூடாது. தொட்டால் தட்டும் போச்சு, துண்டும் போச்சு. அந்தத் துண்டுதான் ஹெட்டு. தலை. கசகசா அளவு இருக்கும்.

அந்தக் கசகசாவைச் செய்யறதுக்கு அவங்க பண்ற ஆர்ப்பாட்டத்தைப் பார்க்கணும். முதலில் அப்பளம் மாதிரி ஒரு வட்டத் தகடு. அதுமேல கண்ணுக்கே தெரியாத மெல்லிசில் உலோகத்தை அடுக்கு அடுக்காப் படிய விடுவாங்க. அப்புறம் அதைக் கீத்துக் கீத்தா அறுப்பாங்க. கீத்தோட ஓரத்தைத் தேய்ப்பாங்க, அளப்பாங்க, தேய்ப்பாங்க. அப்புறம் துண்டு போடுவாங்க. ஒரு அப்பளத்தில் பல ஆயிரம் தலை. இத்தனைக்கும் நடுவில் தூசி விழக் கூடாது. நாங்க எல்லாம் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் வெள்ளை உடுப்பு மாட்டிக்கிட்டு, ஒரு சின்ன அறையில் நின்னு காத்தில் குளிச்சுட்டுத்தான் உள்ளே போகணும். கண்ணு மட்டும்தான் தெரியும். யார் யாருன்னு நடையை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும்.

தலையை வரைஞ்சவர் ரகோத்தமன் சார். டிசைன் இன்ஜினியர். வெளிநாட்டில் படிச்சுட்டு வந்தவர். நல்ல மனுஷன்தான், ஆனால் தலையைப் பத்திப் பேச ஆரம்பிச்சார்னா பெத்த பிள்ளையைப் பத்திப் பேசற மாதிரி. நான் சேர்ந்த அன்னைக்கு எங்க எல்லாரையும் உட்கார வெச்சு வகுப்பு எடுத்தார். "இத்தனை அடுக்குல ரெண்டு அடுக்குதாம்மா முக்கியம். ஒண்ணு அசையாத அடுக்கு. அதுல இருக்கிற காந்தம் எப்பவும் ஒரே பக்கம்தான் பாக்கும், எது வந்தாலும் திரும்பாது. இன்னொண்ணு அசையிற அடுக்கு. கீழ தட்டுல என்ன எழுதியிருக்கோ அதுக்குத் தகுந்தபடி இப்படித் திரும்பும், அப்படித் திரும்பும். ரெண்டும் ஒரே பக்கம் பாத்தா கரன்ட்டு லேசாப் போகும். எதிரெதிரா நின்னா சிரமப்பட்டுப் போகும். அந்த வித்தியாசத்தை வெச்சுத்தான் படிக்கிறோம்."

எல்லாரும் பேந்தப் பேந்த விழிச்சாங்க. நான் எழுந்து, "சார், அசையாதது எங்க மாமனார், அசையிறது நான்" என்றேன். ஒரே சிரிப்பு. அவர் சிரிக்கலை, நோட்டில் எழுதிக்கிட்டார். அடுத்த மாசம் பெரிய ஆபீஸ்காரங்க வந்தப்போ அதையே இங்கிலீஷில் எடுத்துவிட்டுக் கைதட்டு வாங்கினார். மாமனார் வந்தார், மருமகள் வந்தாள், என் பேர் வரலை. அங்கேயே நான் விழிச்சிருக்கணும்.

வகுப்பு முடிவில் ஒரு படம் காட்டினார். சிவப்பா லாடம் மாதிரி ஒரு காந்தம், அதுமேல குறுக்கே கோடு. உள்ளே காந்தம் கொண்டுவரக் கூடாது, காந்தம் பட்டால் அசையாத அடுக்கு அசைஞ்சுடும். நான் எதுக்கு டீச்சர் காந்தம் கொண்டுபோறேன்? எங்க பள்ளிக்கூடத்திலேயே காந்தம் பீரோவுக்குள்ளேதான் இருந்தது. ஆபீசர் பார்வையிட வர்ற அன்னைக்கு மட்டும் வெளியே எடுத்து மேசைமேல வெச்சு, அவர் ஜீப் கிளம்பினதும் உள்ளே வெச்சுப் பூட்டுவாங்க. நாங்க போர்டில் பார்த்ததுதான்: பாதி சிவப்பு, பாதி நீலம், இந்த முனை வடக்கு, அந்த முனை தெற்கு. படம் வரைஞ்சு பாகம் குறிக்கச் சொன்னால் முழு மார்க் வாங்கினவள் நான். காந்தம் எப்படி இருக்கும்னு எனக்கா தெரியாது?

என்ன டீச்சர், என்னமோ சொல்ல வந்தீங்க? இருங்க, இதை முடிச்சுடறேன்.

எங்க பிரிவில் அஞ்சு மேசை. நாலு மேசையில் நாலு பேர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வெச்சு ஒவ்வொரு தலையாப் பார்ப்பாங்க, கீறல் இருக்கா, முனை உடைஞ்சிருக்கான்னு. பார்த்துட்டு டிரே மேல கையெழுத்துப் போடுவாங்க. நாலு பேரும் பார்த்து முடிச்சதை எல்லாம் அஞ்சாவது மேசையில் ஒரு ஆள் ஒண்ணு ஒண்ணா எடுத்து, திசை மாறாமல் இன்னொரு டிரேயில் அடுக்கணும். அது நான். எல்லாத் தலையும் என் கையைத் தொட்டுத்தான் வெளியே போகும். ஆனால் எனக்குக் கையெழுத்து கிடையாது. நான் கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட் ஆள் கையெழுத்துப் போட்டால் அது செல்லாதாம். தலையைத் தொடலாம், பேனாவைத் தொடக் கூடாது.

அடுக்கறதுக்குக் கம்பெனியில் ஒரு ட்வீசர் கொடுப்பாங்க. கறுப்பு பிளாஸ்டிக் முனை வெச்சது. வழுக்கும் டீச்சர். கசகசாவை வாழைத்தண்டால் எடுக்கிற மாதிரி. ஒரு வாரத்தில் நான் மூணு தலையைக் கீழே விட்டேன். சூப்பர்வைசர் தணிகைவேல் சார் எல்லார் முன்னாடியும், "தனக்கோடி, நீ தலை அடுக்க வந்தியா, தலை விதைக்க வந்தியா? இன்னொண்ணு விழுந்துச்சு, கான்ட்ராக்டர்கிட்ட திருப்பி அனுப்பிடுவேன்" என்றார். அன்னைக்கு வீட்டுக்குப் போய் அதியனைத் தூக்கக்கூட இல்லை. என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் மைக் செட் வெச்சிருக்கார். கோயில், கல்யாணம், காதுகுத்து எல்லாத்துக்கும் கட்டுவார். அவருக்கு ஆறு மாசம் சீசன், ஆறு மாசம் வெறும் வாய். என் வேலை போனால் அந்த ஆறு மாசமும் அடுப்பு யோசிச்சு யோசிச்சுத்தான் எரியும்.

அது பொங்கல் நேரம். பொங்கல் லீவில் அதியன் காலில் முள் எடுத்துக்கிட்டு இருந்தேன். அப்போதான் எனக்குப் பொறி தட்டினது. இத்தனை நுணுக்கா இடுக்குதே, இதையே கொண்டுபோனால் என்ன?

கேட்டில் செக்யூரிட்டி அக்கா பையைத் திறந்து மிக்சர் இருக்கான்னுதான் பார்ப்பாங்க. சாக்ஸைப் பார்க்க மாட்டாங்க. சாக்ஸுக்குள்ளே வெச்சுக்கிட்டு, காத்தில் அதுவும் என்னோடயே குளிச்சுட்டு, உள்ளே வந்துடுச்சு. லீவு முடிஞ்சு போன முதல் நாளே நான் அடுக்கின வேகத்தைப் பார்த்துத் தணிகைவேல் சார் வந்து நின்னார். "என்ன மாயம் பண்றியோ, அப்படியே பண்ணு" என்றார். என்ன மாயம்னு கேட்கலை. அவர் கேட்க மாட்டார். கேட்டால் பதில் தெரிஞ்சுடும், தெரிஞ்சால் பேப்பரில் எழுதணும். அதுக்கப்புறம் நான் ஒரு தலையைக்கூடக் கீழே விட்டதில்லை. தலை தானா வந்து முனையில் நிக்கும். சில சமயம் விடவே மாட்டேன்னு ஒட்டிக்கும், ஒரு தட்டுத் தட்டி விடணும்.

வீட்டில் அதைத் தொலையாமல் பத்திரமா வெச்சிருந்தது ஏகாம்பரம்தான், அதையும் சொல்லணும். பழைய ஸ்பீக்கர் உடைஞ்சால் அதுக்குள்ளே கறுப்பா ஒரு வளையம் இருக்கும் இல்லையா, இரும்பை இழுத்துப் பிடிச்சுக்குமே, அதை ஜன்னல் கம்பியில் ஒட்ட வெச்சிருக்கார். ஊசி, ஊக்கு, பீரோ சாவி, இந்த முள்வாங்கி எல்லாம் ராத்திரி பகல் அதில்தான் தொங்கும். தேட வேண்டிய வேலையே இல்லை. படிக்காதவர்னு பேர், ஆனால் மூளை இருக்கு.

டீச்சர், உங்களுக்குத் தண்ணி வேணுமா? ஒரு மாதிரி இருக்கீங்க. வண்டி ஆட்டமா? சரி, அப்போ கேளுங்க.

பொங்கல் முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். டெஸ்ட் பிரிவிலிருந்து ஒரே கூச்சல். அப்பளத்தில் அளந்தப்போ நல்லா இருந்த தலைங்க, கடைசி டெஸ்டில் செத்துக் கிடக்காம். படிக்கச் சொன்னால் உளறுதாம். அதுவும் எங்க பிரிவைத் தாண்டி வந்தது மட்டும். அதிலும் எங்க காலை ஷிப்ட் மட்டும். சாயங்கால ஷிப்டுக்காரங்க அனுப்பினது எல்லாம் அதுபாட்டுக்குப் படிக்குதாம். ரகோத்தமன் சார் ஓடிவந்தார். "அசையாத அடுக்கு சாஞ்சிருக்கு, அது சாயவே சாயாது, எப்படிச் சாஞ்சுது" என்று அவரே கேட்டுக்கிட்டு அவரே நடந்தார். நான் பக்கத்தில் இருந்த ஜெபராணிகிட்ட, "மாமனார் அசைஞ்சுட்டாராம், வீட்ல என்ன நடந்துச்சோ" என்றேன். அவள் சிரிச்சதில் முகமூடியே உப்பிப் போச்சு.

ஜெபராணி நாலாவது மேசை. புருஷன் இல்லை, ரெண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் பத்தாவது. என்னோடு நல்ல ஒட்டு. அவள் குழம்பை நான் சாப்பிடுவேன், என் ரசத்தை அவள் குடிப்பாள். என் கையில் இருந்த முள்வாங்கியை முதல் நாளே பார்த்தவள் அவள் ஒருத்திதான். பார்த்துட்டுப் புருவத்தை மட்டும் தூக்கினாள்.

அப்புறம் ஆரம்பிச்சது பாருங்க கூத்து. படிச்சவங்க துப்புத் துலக்கினால் எப்படி இருக்கும்னு நான் கண்ணால் பார்த்தேன். முதலில் பவுடர். பொம்பளைங்க முகத்தில் போடற பவுடர் பறந்து தலையில் விழுதாம். அதனால் தலை செத்துப்போச்சாம். காலையில் எங்களை வரிசையில் நிக்க வெச்சு, கன்னத்தில் ஒட்டு டேப்பை ஒட்டி, உரிச்சு, அதை விளக்குக்கு நேரா பிடிச்சுப் பார்த்தாங்க. கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்க வந்தவங்ககூட என்னை இவ்வளவு நெருக்கத்தில் பார்த்ததில்லை. அடுத்து மல்லிப்பூ. அடுத்து விபூதி. அடுத்து வெள்ளிக்கிழமை தலைக்குச் சாம்பிராணி போட்டவங்க எல்லாம் கை தூக்குங்க. ஆம்பளைங்களையும் விடலை, தணிகைவேல் சார் மீசைக்குத் தனியா ஒரு துணி உறை கொடுத்தாங்க. அதை மாட்டிக்கிட்டு அவர் வந்து நின்னப்போ வாயைக் கட்டின கன்னுக்குட்டி மாதிரி இருந்தார். அதுக்காகவே அந்த மாசம் முழுக்க நான் சந்தோஷமா வேலைக்குப் போனேன்.

ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது அஞ்சாவது மேசைக்கு வந்து, "நீ என்னம்மா நினைக்கிற?" என்று கேட்கணுமே. கேட்கலை. ஒரு கொத்துப் பேப்பரை வெச்சுக்கிட்டு எந்த டிரேயில் யார் கையெழுத்துன்னு தேடினாங்க. நாலு பேர் பேர்தான் வந்தது. பேப்பரில் என் பேர் இல்லை, பேப்பரில் இல்லாத ஆள் அவங்க கண்ணுக்குத் தெரியாது. தினமும் ஆயிரக்கணக்கில் தலையைத் தொடறவள் நான், என்னைத் தாண்டித்தான் அவங்க நடந்தே போனாங்க. ஒரு நாள் ரகோத்தமன் சார் என் மேசையிலேயே பேப்பரைப் பரப்பி, என் முழங்கையைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, நாலு பேரையும் கூட்டிக் கழிச்சுப் பார்த்தார். என் கையில் முள்வாங்கி இருந்தது. "எக்ஸ்கியூஸ் மீ" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைச்ச மரியாதை.

நாலு பேரில் ஜெபராணி கையெழுத்துப் போட்ட டிரேயில்தான் செத்த தலை கொஞ்சம் அதிகம். அவளும் என்னை மாதிரியே வேகம், அவள் டிரேதான் அதிகம் வரும், அதிகம் வந்தால் அதிகம் சாகும், இதுக்கு எதுக்கு இன்ஜினியர்? அதோட அவள் கழுத்தில் டேப் ஒட்டினப்போ கொஞ்சம் பவுடர் வந்துடுச்சு. வேர்க்குருவுக்குப் போட்டிருந்தாள், பாவம். பங்குனி முதல் வாரம் அவளைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேணாம்னு சொல்லிட்டாங்க.

உடுப்பு மாத்துற அறையில் உட்கார்ந்து அவள் ஷூவைக் கழட்டிக்கிட்டு இருந்தாள். நான் அழுதேன் டீச்சர், நிஜமா அழுதேன். அவள் அழலை. "தனம், அந்த முள்வாங்கியை என்கிட்ட குடுத்துடு" என்றாள். எதுக்குக்கா என்றேன். "நான் உள்ள யார்கிட்டயும் சொல்லலை. சொல்லவும் மாட்டேன், நீ பிள்ளையை வெச்சிருக்கிற. ஆனா அதை இனிமே உள்ள கொண்டு போகாத. எங்கிட்ட குடு" என்றாள்.

வேலையை விட்டுப் போறவளுக்கு, அந்த நேரத்திலும், என் வேகத்துமேல கண்ணு. பிரியமாப் பழகினவளுக்குள்ளே இவ்வளவு பொறாமை இருக்கும்னு நான் நினைக்கவே இல்லை. இதுவரைக்கும் வெளியே யார்கிட்டயும் சொல்லலை, உங்ககிட்டதான் சொல்றேன். நான் கொடுக்கலை. "எங்க மாமன் கொடுத்ததுக்கா" என்று சொல்லிட்டேன். அவள் என் கன்னத்தைத் தட்டிட்டுப் போனாள். இப்போ செருப்புக் கம்பெனியில் பசை தடவறாள். பெரியவள் பத்தாவது பரீட்சை எழுதினாள்னு கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கணும். பொறாமையை எல்லாம் மனசில் வெச்சுக்கக் கூடாது.

அடுத்த ரெண்டு நாளில் எனக்கு லீவு. அதியனுக்குக் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. பத்து நாள். கோயில் தோப்பு முழுக்க முள், முள்வாங்கியும் என்னோடயே வந்தது. அந்தப் பத்து நாளும் கம்பெனியில் ஒரு தலை சாகலையாம். பார்த்தியா, ஜெபராணி போனா, பீடை போச்சு என்று தணிகைவேல் சார் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கார். பத்து நாள் கழிச்சு நான் போனேன். ரெண்டே நாள். திரும்பவும் தலை சாக ஆரம்பிச்சது. அதைச் சொல்ல அவருக்கு வாய் வரலை. மீசைக்கு உறை இருந்தது நல்லதாப் போச்சு.

சித்திரையில் காத்து வடிகட்டியை மாத்தினாங்க. வைகாசியில் தரையைப் பேர்த்து வேற தரை போட்டாங்க. கையுறை மாத்தினாங்க. தண்ணி மாத்தினாங்க. வெளிநாட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரம்மா வந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கிட்டு நாலு மேசையையும் சுத்திச் சுத்தி அளந்தாங்க. காந்தம் இருந்தால் காட்டிக்கொடுக்கிற பெட்டியாம். அஞ்சாவது மேசைக்கு வர்றதுக்குள்ளே சாப்பாட்டு மணி அடிச்சுடுச்சு. சாப்பிட்டுட்டு வந்து ரிப்போர்ட் எழுத உட்கார்ந்துட்டாங்க.

ரகோத்தமன் சார்தான் பாவம். கறுத்துப் போனார். மாமனார் பலவீனமா இருக்கார்னு முடிவு கட்டி, ராத்திரியும் பகலும் உட்கார்ந்து அந்த அடுக்கையே வேற உலோகத்தில், வேற தடிமனில் புதுசா வரைஞ்சார். புது டிசைன் ஆடி முதல் வாரம் ஓட ஆரம்பிச்சது. அதே ஆடி முதல் வாரம் ஏகாம்பரம், அம்மன் கோயில்களுக்கு மைக் செட் கட்டக் கிளம்பறப்போ, மெல்லிசு ஒயர் இழுக்க ஆகும்னு முள்வாங்கியை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீங்க. ஒரு மாசம் முழுக்க அந்த வாழைத்தண்டு ட்வீசரோடு மல்லுக்கட்டினேன். வேகம் பாதியாச்சு. ரெண்டு தலை கீழே போச்சு.

ஆனால் செத்த தலை ஒண்ணுகூட இல்லை. ஆடி முழுக்க ஒண்ணு இல்லை. ஆபீசே ஆடிப் போச்சு. சாருக்குக் கண்ணாடிக் கேடயம், கேக்கு, கைதட்டல். ஐம்பது பக்கத்துக்கு ஒரு ரிப்போர்ட் போட்டாங்க. தணிகைவேல் சார் மேசையில் கிடந்ததை நான் ஒவ்வொரு பக்கமாப் புரட்டினேன். இங்கிலீஷ்தான், ஆனால் பேர் படிக்கத் தெரியும் இல்லையா? ரகோத்தமன் பேர் பதினேழு இடத்தில். தணிகைவேல் பேர் ஆறு இடத்தில். வெள்ளைக்காரம்மா பேர். ஜெபராணி பேர்கூட ஒரு பெட்டிக்குள்ளே போட்டு, நாலு இடத்தில். தரை போட்டவன் பேர்கூட இருக்கு. தனக்கோடி? இல்லை. பின்னாலிருந்து முன்னாலயும் புரட்டிப் பார்த்துட்டேன்.

அஞ்சு மேசை படத்தில் நாலு மேசைதான் வரைஞ்சிருக்காங்க டீச்சர். அதைச் சொல்லுங்க முதலில்.

எனக்குப் பொறுக்கலை. அன்னைக்கே தமிழில் மனு எழுதினேன், நேரா ரகோத்தமன் சார்கிட்டக் கொண்டுபோனேன். "சார், எல்லாத் தலையும் என் கை பட்டுத்தான் போகுது. நல்லது நடந்தாலும் என் பேர் இல்ல, கெட்டது நடந்தாலும் என் பேர் இல்ல. அஞ்சாவது மேசைக்கும் பேர் போடுங்க. நான் தொட்ட ஒவ்வொரு தலையும் என் பேர்ல வரட்டும்" என்றேன். கேடயம் வாங்கின சந்தோஷத்தில் இருந்தார். என் முகத்தை முதல் தடவையாப் பார்த்தார்னு நினைக்கிறேன். "நல்ல யோசனைம்மா, எங்களுக்கும் கணக்கு சுத்தமா கிடைக்கும்" என்று கையெழுத்துப் போட்டார். அதுமட்டும் இல்லை. என்னை பர்மனென்ட்டுக்கு எழுதறாராம். ஆறு மாசம் என் பேரில் ஒரு செத்த தலை வராமல் இருந்தால் ஆர்டர் கையில். ஏகாம்பரத்துக்குப் போனில் சொன்னப்போ அவர் மைக்கில் சொல்லாத குறை. பையனை நல்ல பள்ளிக்கூடத்தில் போடலாம், காந்தத்தைப் பீரோவில் பூட்டி வைக்காத பள்ளிக்கூடமாப் பார்த்து.

ஆடியில் ஆரம்பிக்க வேணாம், ஆவணியில் வெச்சுக்கலாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். நேத்து ஏகாம்பரம் ஊர் திரும்பினார். இதையும் கொண்டுவந்து கொடுத்தார், நல்லாத் துடைச்சு வளையத்தில் மாட்டி வெச்சிருந்தேன், காலையில் எடுத்துக்கிட்டுக் கிளம்பினேன். இன்னைக்குத்தான் முதல் நாள். என் மேசையில் கோடு கோடா ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க, ஒவ்வொரு டிரேயும் அதில் பீப் அடிக்கும், கம்ப்யூட்டரில் தனக்கோடி, தனக்கோடி, தனக்கோடின்னு விழுந்துக்கிட்டே இருக்கும். பேர் விழற நாளில் மட்டமான ட்வீசரோடு போய் நிக்க முடியுமா? அதான் இதை.

என்ன டீச்சர்? இந்த முள்வாங்கி உங்களுக்கு வேணுமா? பள்ளிக்கூடத்தில் பிள்ளைங்களுக்குக் காட்டவா? பிள்ளைங்க முள்வாங்கியைப் பார்த்ததில்லையா என்ன. இல்லை டீச்சர், தர முடியாது. கையைப் பிடிக்காதீங்க. சொல்லுங்க, என்ன காந்தம்? எதில் காந்தம்? இதில் எங்கே டீச்சர் சிவப்பு, எங்கே நீலம்?

ஜெபராணியும் இப்படித்தான் கேட்டாள். நல்ல பொருள்னா எல்லாருக்கும் கண்ணு.

கண்டக்டர் அண்ணே, கம்பெனி கேட் நிறுத்துங்க. கொஞ்சம் காலை ஒதுக்குங்க டீச்சர், இதைச் சாக்ஸில் வெச்சுக்கிறேன். உங்க ஊக்கு இன்னும் இதிலேயே ஒட்டியிருக்கு, இந்தாங்க. மத்தியானத்துக்குள்ளே பத்து டிரேயாவது என் பேரில் போயிருக்கும். இனிமே யாரும் என்னைத் தாண்டி நடந்து போக முடியாது.